கேஸ் கீசரில் ஈ1 காட்டினால் நாமே கழற்றிப் பார்க்கலாமா?

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். குளியலறைக்குள் மாட்டியிருக்கும் ஆறு லிட்டர் கேஸ் கீசர். குழாயைத் திறந்தால் டிக்டிக்கென்று பொறி அடிக்கிறது, நெருப்பும் பிடிக்கிறது, ஆனால் நாலைந்து நொடியில் அணைந்து திரையில் ஈ1 என்று வருகிறது. மூடி மூடித் திறந்தால் மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ நின்று எரிகிறது. பேட்டரி மாற்றியாயிற்று. மெக்கானிக் ராமநாதபுரத்திலிருந்து சனிக்கிழமைதான் வர முடியும் என்கிறார். வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டதால் உம்மாவுக்கு சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகை நேரத்தில் ஒளுச் செய்யவும் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) குளிக்கவும் சுடுதண்ணீர் வேண்டும். லண்டனில் இருக்கும் மச்சான் ‘ரீசெட் அடி, சரியாகிவிடும்’ என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் ‘அந்த சென்சார் ஒயரைச் சேர்த்து முறுக்கிவிடு’ என்கிறார். மேல்மூடியைக் கழற்றி நானே சுத்தம் செய்யலாமா என்பது கேள்வி.

எழுதியிருப்பது மூடியை நாமே கழற்றலாமா என்று. ஆனால் வாசிக்கும்போது எனக்குப் படுவது வேறு: சனிக்கிழமை வரை மூடித் திறந்து, மூடித் திறந்து இதை இப்படியே ஓட்டலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டாதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு மேலே படியுங்கள்.

நான் வளைகுடாவில் கட்டடப் பராமரிப்பில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இந்தக் கரையோரத்தில் கீசர், மோட்டார், ஆர்.ஓ. வேலைகள் பார்க்கிறேன். உங்கள் கீசரை நேரில் பார்க்காமல் இதுதான் பழுது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே பாதி வேலையை முடித்துவிட்டன.

முதலில் அந்த எழுத்தைப் பற்றி. பழுது எண்ணுக்குப் பொதுவான அகராதி கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. ரின்னை கீசரில் 11 என்றால் பற்றவில்லை, 12 என்றால் பற்றிய நெருப்பு அணைந்துவிட்டது. வைலண்ட் பாய்லரில் அதே இரண்டுக்கும் எஃப்28, எஃப்29. நம் கடைகளில் விற்கும் ஆறு லிட்டர் கீசர்களில் பெரும்பாலும் ஈ1 என்பது ‘நெருப்பு தெரியவில்லை’ என்பதற்குத்தான். உங்கள் மாடலுக்கும் அதுதானா என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பார்த்துவிடுங்கள். கையேடு இல்லையென்றால் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக் கம்பெனி சேவை எண்ணில் கேளுங்கள். யூடியூபில் வேறு கம்பெனிக்காரன் ஈ1-க்குச் சொல்லும் வைத்தியம் உங்கள் பெட்டிக்குப் பொருந்தாமல் போகலாம்.

‘நெருப்பு தெரியவில்லை’ என்பதற்கும் ‘நெருப்பு இல்லை’ என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அதன் அழுத்தம் உள்ளே டயாஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். அது ஒரு சின்ன ஸ்விட்சை அழுத்தும். அந்த ஸ்விட்ச் கன்ட்ரோல் பெட்டியை எழுப்பும். பெட்டி பொறி அடித்துக்கொண்டே கேஸ் வால்வைத் திறக்கும். பற்றியதும், நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். நெருப்புக்கு மின்சாரத்தைக் கடத்தும் குணம் உண்டு, அதை வைத்துத்தான் பெட்டி ‘எரிகிறது’ என்று தெரிந்துகொள்கிறது. மைக்ரோ ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் அது. அது வரவில்லையென்றால், கேஸ் எரியாமல் கொட்டிக்கொண்டிருக்கிறதோ என்று எண்ணி, சில நொடிகளில் வால்வை மூடிவிடும். அப்போதுதான் உங்களுக்கு ஈ1 தெரிகிறது. பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

அதனால் எண்ணை விட்டுவிட்டுக் காதையும் கண்ணையும் நம்புங்கள். குழாயைத் திறந்தும் பொறிச் சத்தமே வரவில்லை என்றால் சிக்கல் தண்ணீர்ப் பக்கம், இல்லாவிட்டால் பேட்டரி. தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும் வீடுகளில் இது நிறைய. பெரும்பாலான கீசர்கள் எழும்ப இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தமாவது வேண்டும். பொறி அடிக்கிறது, நெருப்பே பிடிக்கவில்லை என்றால் கேஸ் வந்து சேரவில்லை. பொறி அடித்து, நெருப்பும் பிடித்து, அப்புறம் அணைகிறது என்றால் தண்ணீரும் சரி, பொறியும் சரி, கேஸும் வருகிறது. நெருப்பைப் பார்க்கும் கம்பி பார்க்க மறுக்கிறது, அல்லது நெருப்பு பர்னரில் நிலைக்காமல் தூக்கி எறியப்படுகிறது, அல்லது வால்வைத் திறந்து வைத்திருக்கப் பேட்டரிக்குத் தெம்பு இல்லை. நீங்கள் சொல்வது, பிடித்த பிறகு அணையும் இந்தக் கடைசி வகை.

பேட்டரி மாற்றியாயிற்று என்றீர்கள். நல்லது, ஆனால் பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கைப் பார்த்தீர்களா? இந்தக் கரையில் அதில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பூப்போ பிடிக்காத வீடு குறைவு. ஒன்றரை வோல்ட் தடிப் பேட்டரி இரண்டு போட்டு மூன்று வோல்டில் ஓடும் சமாச்சாரம் இது. களிம்பு கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றால் பொறிக்குப் போதும், வால்வைத் தாங்கப் போதாது. ஸ்பிரிங்கைக் காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, ஆல்கலைன் பேட்டரியாக வாங்கி, தேதி பார்த்துப் போடுங்கள். கடையில் வெயிலில் தொங்கும் மலிவுப் பேட்டரி புதிது என்றாலும் புதிதாக இருக்காது.

இருந்தாலும் என் சந்தேகம் அதிகம் விழுவது அந்தக் கம்பியின் மேல்தான். கம்பியைப் பிடித்திருக்கும் வெள்ளைப் பீங்கானில் உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரு மெல்லிய படலம் உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு வெறும் மங்கலாகத் தெரியும். நெருப்பிலிருந்து வரவேண்டிய அந்தத் துளி மின்னோட்டம் படலத்தின் வழியாகத் தகட்டுக்கு ஒழுகிப் போய்விடும். இரண்டு மூன்று தடவை எரிந்து சூடேறினால் ஈரம் காய்ந்துவிடும், அப்புறம் வேலை செய்யும். ‘நாலாவது தடவை நின்று எரிகிறது’ என்று நீங்கள் எழுதியது இதோடு ஒத்துப்போகிறது. மதுரையில் வருடங்கள் ஓடும் கீசர், பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு மழைக்காலத்தில் இப்படி ஆகிவிடும். ராமேஸ்வரத்து விடுதிகளில், அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலின் 22 தீர்த்தமும் ஆடி நனைந்து வருபவர்கள் நாள் முழுக்கச் சுடுதண்ணீர் கேட்பார்கள். அங்கே கீசர் எந்நேரமும் சூடாகவே இருப்பதால் இந்த வம்பு குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தடவை எரிந்து, மீதி நேரம் ஈரத்தில் தொங்குவதற்குத்தான் இது வரும். ஆனால் இது என் ஊகம். பர்னர் துளைகளில் துரு விழுந்திருந்தாலும், காற்று நுழையும் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் இதே அடையாளம்தான் காட்டும். மூடியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். கம்பியைத் தேய்ப்பது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் மூடிக்குப் பின்னால் கேஸ் வால்வும் பர்னரும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கம்பி அரை விரல் நகர்ந்தாலும் பொறி தாமதமாகப் பிடிக்கும், ஒரு ஸ்க்ரூவோ வாஷரோ சரியாக உட்காராவிட்டால் கசியும். கசிகிறதா என்று சோதிக்கத் தெரியாத கை அதைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து நீங்களே செய்யக்கூடியவை உண்டு. ரெகுலேட்டரை மூடிவிட்டு, தண்ணீர் வரும் வால்வையும் மூடி, கீசருக்குள் தண்ணீர் நுழையும் நட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன வலை இருக்கும். மணலும் சுண்ணாம்பும் அடைந்திருந்தால் கழுவிப் போடுங்கள். மேலே புகை போகும் இடத்தில் துண்டு, சோப்புப் பெட்டி, குளவிக்கூடு ஏதும் இருக்கிறதா பாருங்கள். கேஸ் டியூபில் வெடிப்பு இருக்கிறதா, அதில் அச்சடித்திருக்கும் வருடத்திலிருந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டதா பாருங்கள். அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை வெட்டி ‘டி’ இணைப்பு போட்டுக் கீசருக்கு இழுத்திருந்தால், ஈ1-ஐ விட அதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது.

கசிவு பார்க்கத் தீக்குச்சி கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சோப்பு நுரை வைக்க வேண்டும். அதில் நம் ஊருக்கே உரிய ஒரு தொந்தரவு: போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து போகும். நுரை வரவில்லை என்பதால் கசிவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. காவிரித் தண்ணீரோ குடம் கணக்கில் வாங்கும் நல்ல தண்ணீரோ எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பிரஷ்ஷால் இணைப்புகளில் தடவுங்கள். குமிழ் வளர்ந்தால் கசிவு. கேஸ் வாடையே மூக்கில் அடித்தால் இந்தச் சோதனைக்கெல்லாம் நேரமில்லை. சிலிண்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படுத்து நிற்கும், எளிதில் போகாது. எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-ஐ அழையுங்கள். அது எல்லா எரிவாயு நிறுவனங்களுக்கும் பொதுவான அவசர எண்.

மூடித் திறந்து பார்ப்பது ஏன் கூடாது என்றால், ஒவ்வொரு தடவையும் சில நொடி கேஸ் உள்ளே வருகிறது. நெருப்புப் பிடிக்காத தடவைகளில் வந்த கேஸ் பெட்டிக்குள்ளும் அடியிலும் தங்கும். அடுத்த பொறியில் ‘தொப்’பென்று ஒரு சத்தத்தோடு பிடிக்கும். அந்தச் சத்தம் ஒரு தடவை கேட்டாலும் கீசரை நிறுத்திவிட வேண்டும். பேட்டரியும் வலையும் சுத்தம் செய்த பிறகு கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, உள்ளே யாரும் குளிக்காமல், ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அணைந்தால் ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியும். கதவு திறந்திருந்தால் நன்றாக எரிகிறது, இதுவரை சாத்தியிருந்தபோதுதான் அணைந்தது என்றால் காரணம் கம்பி இல்லை. அறையில் காற்று போதவில்லை. அப்படியானால் மெக்கானிக் வந்து கம்பியைத் தேய்த்த பிறகும் அதை அந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு ஈ1-ஐ விட உறுத்தியது ‘குளியலறைக்குள் மாட்டியிருக்கும்’ என்ற இரண்டு சொல்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் எரிய வேண்டும். நம் பக்கத்துத் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பு, 15 டிகிரி ஏற்றினால் போதும் என்று வைத்தாலும் அரைக் கிலோவுக்குக் குறையாது. ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஆறுக்கு நாலடி, எட்டடி உயரக் குளியலறையில் இருப்பதே ஐந்தரை கன மீட்டர்தான். பத்து நிமிடக் குளியலில் அந்த அறைக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை உள்ள பிராணவாயுவை நெருப்பு எடுத்துக்கொள்ளும். கதவிடுக்கில் கொஞ்சம் வரும், உண்மைதான். ஆனால் வாடைக்காற்றுக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, கதவடியில் துணி செருகிக் குளிப்பது இந்த மாதங்களில்தானே.

காற்று குறைந்தால் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். கேஸ் சிலிண்டரில் கலக்கும் வாடைப்பொருள் எரிந்துபோய்விடுவதால் இதில் எந்த வாடையும் இருக்காது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அப்புறம் கால் தளர்ந்து விழுதல். நம் நாட்டில் குளியலறையில் மயங்கிக் கிடந்தவர்களைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் இதற்குக் கேஸ் கீசர் பெயரிலேயே ஒரு நோய்ப்பெயர் இருக்கிறது. சிலருக்கு வலிப்பு மாதிரி வந்து, வலிப்பு நோய் என்று வைத்தியம் பார்த்த கதையும் உண்டு. உங்கள் உம்மாவுக்குக் குளித்து வந்ததும் தலை சுற்றுகிறது, ‘வயசாச்சு’ என்று விட்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். கீழே காற்று வர வழியில்லாமல் மேலே ஃபேன் இழுத்தால், கீசரின் புகையையும் சேர்த்து அறைக்குள் இழுக்க வாய்ப்புண்டு.

‘நெருப்பு நீலமாக இருந்தால் சரி, மஞ்சளானால் ஆபத்து’ என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கடலோரத்தில் அதைக் கொஞ்சம் பார்த்துப் படிக்க வேண்டும். காற்றில் வரும் உப்புத்தூள் நெருப்பில் பட்டால் நீலத்துக்கு நடுவே ஆரஞ்சு நிறம் பளிச் பளிச்சென்று மின்னும். உப்பில் இருக்கும் சோடியம்தான் அது, காற்று வீசும் நாளில் சமையலடுப்பிலும் பார்க்கலாம். அது விட்டுவிட்டு வரும், நெருப்பின் உருவம் மாறாது. நெருப்பு நீண்டு, சோம்பலாக ஆடி, நுனி விடாமல் மஞ்சளாக நின்றால் அது வேறு. புகை போகும் இடத்திலோ சுவரிலோ கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், உப்பு கரி படிய வைக்காது.

உங்கள் மச்சான் சொன்னது அவர் ஊருக்குத் தப்பில்லை. அங்கே வீட்டு பாய்லர்கள் பெரும்பாலும் முழுக்க மூடிய பெட்டி. எரியக் காற்றை வெளியிலிருந்து குழாய் வழியாக இழுத்து, புகையையும் வெளியிலேயே விடும். அறைக் காற்றைத் தொடாது. பாய்லரின் தண்ணீர் அழுத்தம் ஒரு ‘பார்’ அளவுக்குக் கீழே இறங்கியதாலோ, கேஸ் ஒருமுறை தடைபட்டதாலோ வரும் எண்ணுக்கு, சரிசெய்துவிட்டு ஒரு தடவை ரீசெட் அழுத்தச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கும். அதற்கு மேல் அங்கேயும் வீட்டுக்காரர் மூடியைத் தொடுவதில்லை, ‘கேஸ் சேஃப்’ என்ற அந்நாட்டுப் பதிவேட்டில் இருக்கும் ஆள்தான் தொடலாம் என்பது சட்டம். உங்களுடையது திறந்த பெட்டி, அறைக் காற்றையே குடித்து அறைக்குள்ளேயே விடுகிறது. அந்த யோசனையை இங்கே கொண்டுவந்தால் பாதிதான் வந்து சேரும்.

கடைக்காரர் சொன்ன ஒயர் விஷயம் வேறு ரகம். கீசரில் அதிகச் சூட்டில் நிறுத்தும் கட்-அவுட் ஒன்று உண்டு. சில மாடல்களில் பிராணவாயு குறைந்தால் அணைக்கும் ஏற்பாடும் உண்டு. கட்-அவுட் ஒயரைச் சேர்த்து முறுக்கினால் கீசர் ஓடும், அது உண்மை. நிறுத்த வேண்டிய நேரத்திலும் ஓடும். இதைச் செய்து கொடுக்கும் மெக்கானிக்கை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள். இன்னொன்று, பல மாடல்களில் 20 நிமிடம் தொடர்ந்து எரிந்தால் தானாக அணையும். அது பழுதே இல்லை, அதை யாரும் ‘சரிசெய்ய’ விடாதீர்கள்.

சனிக்கிழமை அவர் வரும்போது, பொறிக் கம்பியையும் நெருப்பைப் பார்க்கும் கம்பியையும் சுத்தம் செய்து, பீங்கானில் கீறல் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பர்னரைக் கழற்றித் துலக்கட்டும். உப்புத் தண்ணீரால் செம்புக் குழாயில் சுண்ணாம்பு அடைத்திருக்கிறதா, டயாஃப்ரம் விறைத்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். எல்லாம் மாட்டிய பிறகு உங்கள் கண் முன்னாலேயே நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கம்பெனி பெயர் எதுவாக இருந்தாலும் பெட்டியில் ஐ.எஸ். 15558 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாத பெட்டிக்குப் பணம் செலவழிக்காமல் மாற்றிவிடலாம்.

அதே நாளில் இடத்தையும் மாற்றிவிடுவது நல்லது. கீசர் குளியலறைச் சுவருக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே, திறந்த வெளியில் இருக்கட்டும். சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். நம் ஊரில் வாடையும், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் மாறி மாறி அடிக்கும், நேர் காற்று விழும் சுவரில் மாட்டினால் நெருப்பு நிற்காமல் மறுபடி ஈ1 காட்டும். இரண்டு காற்றுக்கும் மறைவான பக்கமாகப் பாருங்கள். மறைவு வேண்டும் என்று நாலு பக்கமும் அலமாரி மாதிரி அடைத்துவிடாதீர்கள். வெளியே வைத்தால் உப்பில் சீக்கிரம் கெடும், அது தெரிந்ததுதான். வருடத்துக்கு ஒரு சர்வீஸ் என்பதை இங்கே இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று மழைக்கு முன்னால். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கினால் நல்லது. ஆனால் கேஸ் கசிவுக்கு விற்கும் அலாரம் வேறு, இது வேறு. பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

அதுவரை உம்மாவுக்கு அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் காய வைத்துக் கொடுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் சுடுதண்ணீர். ஒளுவுக்கு ஒரு சொம்பு போதும். இமெர்ஷன் ராடு வாங்கிவிடலாமே என்று தோன்றும். இந்த உப்பு ஈரத்தில் எர்த் சரியில்லாத பிளக்கில் அதைச் சொருகுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மாடல் எண்ணையும், கீசர் மாட்டியிருக்கும் சுவரின் போட்டோவையும் இங்கே போட்டால், எந்தப் பக்கம் மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.